ஆறு பெட்டிகள்

அமெரிக்காவின் டொலிடோ நகரில் விற்பனை விளம்பரம் கொடுத்திருந்த மார்லீன் வீட்டுக்கு லைல் போனபோது, ஆட்டக்காரர்கள் படம் போட்ட, சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கும் பேஸ்பால் கார்டுகள் நிறைந்த ஆறு பெட்டிகளை அவள் வாசலிலேயே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

“எல்லாம் என் வீட்டுக்காரரோடது. சின்ன வயசுல சேர்த்தாராம். நாற்பது தாண்டினதும் பைத்தியம் மறுபடி பிடிச்சுக்கிச்சு.”

லைலுக்கும் அப்படித்தான். மகளின் கல்லூரிக்காகச் சேர்த்த பணத்தில் பாதி கார்டுகளாகிவிட்டது. மனைவி கொரினுக்கு இன்னும் தெரியாது.

“கடைசியில எனக்குத் தெரியாமலே வீட்டை அடமானம் வச்சிட்டார்” என்றாள் மார்லீன்.

அவள் கேட்டது அடிமாட்டு விலை. பாவம், மதிப்புத் தெரியாத விதவை என்று நினைத்த லைல், வாய் திறக்காமல் பணத்தைக் கொடுத்தான். பெட்டிகளைக் காரில் ஏற்றிய பிறகுதான் மனம் உறுத்தியது.

“ரொம்ப வருத்தமா இருக்குங்க. அவர் எப்படித் தவறினார்?”

“யார் சொன்னா தவறிட்டார்னு? அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு வந்துடுவார். அதுக்குள்ள நீங்க கிளம்புங்க, நானும் கிளம்பணும்.”

காரில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. கொரின்.

“ஒண்ணுமில்லை. நீங்க வீடு வந்து சேர எவ்வளவு நேரமாகும்னு கேட்கத்தான்.”

அவள் குரலுக்குப் பின்னால், “கார்டு பெட்டி இவ்வளவுதானா மேடம், இன்னும் இருக்கா?” என்று யாரோ ஒரு ஆள் கேட்பது லைலின் காதில் விழுந்தது.