பத்தாயிரம் அழைப்புகள்

இறந்தவர்களோடு போனில் பேசவைக்கும் செயலி மறுநாள் வெளியாக வேண்டும். சோதனைக்கான மாதிரிக் குரலுக்கு தங்கள் வீட்டில் இறந்தவரையே கொடுப்பது அந்த அலுவலகத்தில் வழக்கம். அனுமதிப் படிவத்துக்கு அலைய வேண்டாம். செயலியைச் சோதிக்கும் பொன்மலர் தன் அப்பாவைக் கொடுத்திருந்தாள்.

சர்வர் தாங்குமா என்று பார்க்கப் பத்தாயிரம் போலி அழைப்புகள். எல்லாவற்றிலும் ஒரே வரி: “அப்பா, நாளைக்கு வந்துர்றேன்.” அவசரத்தில் கைக்கு வந்ததைத் தட்டியிருந்தாள். அவர் உயிரோடிருந்தபோது அவள் கடைசியாகச் சொன்னதும் அதுதான். சொன்னபடி போகவில்லை.

சர்வரின் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று திரையில் ஒரு கோடு காட்டும்; அழைப்பு முடிந்ததும் அது இறங்க வேண்டும். ஆனால் ஏறிக்கொண்டே போய், சர்வர் படுத்துவிட்டது.

“மெமரி எதைப் பிடிச்சு வச்சிருக்குன்னு பாருங்க,” என்றார் டீம் லீட் ரியாஸ்.

திறந்து பார்த்தாள். பத்தாயிரம் இடத்திலும் அப்பாவின் குரல் தனக்கென்று எழுதிவைத்த ஒரே குறிப்பு: ‘மக வாரேன்னிருக்கா. கதவைத் தாழ் போடக் கூடாது.’

“போனை வச்சதும் எல்லாம் அழிஞ்சிடற மாதிரி புரோகிராம்ல ஒரு வரி போட்டுடுங்க. முடிஞ்சது,” என்றார் ரியாஸ்.

போட்டாள். மறுபடி ஓட்டினாள். ஒவ்வொரு அழைப்புக்கும் கோடு ஏறி, ஒழுங்காக இறங்கியது. ரியாஸ் ‘பாஸ்’ என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பொன்மலர் தானே அப்பாவை அழைத்தாள்.

“அப்பா, நாளைக்கு வந்துர்றேன்.”

“வா தாயி. கதவைத் தாழ் போடாமயே வச்சிருக்கேன்.” அவரே கேட்டார்: “உனக்கு வேலை கெடக்கும். போனை வச்சிரவா?”

திரையில் கோடு ஏறி நின்றிருந்தது.

“வைக்காதீங்கப்பா,” என்றாள்.