மூடிக்குப் பின்னால் உருண்ட பகடை

“மூடிய எடுய்யா சவுரி! இன்னா விழுந்துச்சுன்னு எல்லாரும் பார்க்கட்டும்!”

சக்கரபாணி மேஜையில் அடித்த அடியில் கண்ணையனின் டீ கிளாஸ் கவிழ்ந்தது.

திண்டிவனத்தில் சவுரிராயன் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. உறை போட்டு மூடிய மெஷின்களுக்கு நடுவே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

எண்பத்தஞ்சில் அமெரிக்காவிலிருந்து சவுரியின் மச்சான் அனுப்பிய விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ‘நான் மதில் ஏறறேன்’, ‘நான் கதவை ஒடைக்கறேன்’ என்பார்கள். ஏறினாரா, விழுந்தாரா என்பதை இருபது பக்கம் உள்ள ஒரு பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் பிழைப்பு, ஒன்று விழுந்தால் சாவு. உட்கார்ந்த இடத்திலேயே ஆடும் கூத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கிலீஷ் புத்தகத்திலிருந்த கோட்டையைச் சவுரி செஞ்சிக் கோட்டையாக்கினான். பூதத்தை முனியாக்கினான். போஸ்ட்மேன் கண்ணையன் பூசாரியானார். விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீஸ் கிளார்க் சக்கரபாணி தளபதியானார். இதிலெல்லாம் அவருக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு ஞாயிறு தவறாமல் பாசஞ்சர் பிடித்து வந்துவிடுவார்.

ஆனால் சவுரி இன்னொரு ரூலையும் மாற்றியிருந்தான். பகடையை எல்லார் கண் முன்னாலும் உருட்ட வேண்டும் என்கிறது புத்தகம். சவுரியோ பெட்டியின் மூடியை நிறுத்தி வைத்து, அதன் பின்னால் உருட்டி, எண்ணை மட்டும் சொல்வான்.

“அப்பதாங்க சார் திக்திக்னு இருக்கும்” என்பான்.

போன வாரம் பூசாரி மதிலிலிருந்து விழுந்தார். மூடிக்குப் பின்னால் பகடை உருண்டது.

“பத்தொம்பது! ஆலமரத்து வேரைப் பிடிச்சிக்கினு தொங்கறாரு!”

அதற்கு முந்தின வாரம் பாம்பு கடித்தும் பூசாரி பிழைத்தார்.

ஊர் திரும்பும் ரயிலில் தொடங்கிய கொதிப்பு சக்கரபாணிக்கு வாரம் முழுக்க அடங்கவில்லை. சவுரியும் கண்ணையனும் ஒரே தெரு. வேண்டப்பட்டவனுக்கு ஒரு ரூல், விழுப்புரத்துக்காரனுக்கு ஒரு ரூலா? புதன்கிழமை மல்லாட்டை மூட்டை புக் பண்ண வந்த கோலியனூர்க்காரரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தார்.

இன்றைக்குப் பூசாரிமேல் பாறை உருண்டது. “பதிமூணு! தப்பிச்சிட்டாரு” என்று சவுரி சொன்னதும்தான் மேஜையில் அந்த அடி.

சவுரி மூடியை எடுத்தான்.

பகடை பதிமூன்றைத்தான் காட்டியது.

சக்கரபாணியின் முகம் இன்னும் சிவந்தது.

“இன்னிக்கு சரி. இத்தினி மாசத்துல ஒரு வாட்டியாவது பொய் நம்பர் சொன்னியா, இல்லியா? மாதா மேல சத்தியமா சொல்லு!”

சவுரி தலையைக் குனிந்துகொண்டான். “சொல்லியிருக்கேங்க சார். ஒரே ஒரு வாட்டி. ஆடி மாசத்துல.”

“அப்பிடி வா வழிக்கு! யாருக்காக?”

“அது எதுக்குங்க சார் இப்ப...”

“எதுக்கா? அந்தப் புஸ்தகத்தை நானும்தான் படிச்சேன். செத்தவனுக்குக் கதை முடியற வரைக்கும் மேஜையில எடமில்ல. அன்னிக்கு எவன் செத்தானோ அவன் இப்ப எந்திரிச்சுப் போவணும். யாருன்னு சொல்லு. இல்லாட்டி இந்த வாசப்படிய நான் இனிமே மிதிக்கமாட்டேன்!”

சவுரி கண்ணையனைப் பார்த்தான்.

“நான்தாங்க சார்” என்றார் கண்ணையன்.

“கண்ணையாண்ணே...”

“நீ சும்மா இருப்பா. என் பூசாரிதாங்க சார் அன்னிக்கு செத்தான். தப்பு என்னுதுதான்.”

பூசாரியின் பலம், ஆயுதமெல்லாம் எழுதி வைத்திருந்த காகிதத்தை அவரே நாலாகக் கிழித்தார். சிந்திய டீயைத் துண்டால் துடைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “கோச்சுக்காதீங்க சார். நீங்க ஆடுங்க, நான் வர்றேன்” என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

“போவட்டும்!” சக்கரபாணிக்கு மூச்சு வாங்கியது. “இத்தினி மாசமா ஒண்ணுந்தெரியாதவன் மாதிரி உக்காந்துகினு இருந்தான் பாரு! இவனெல்லாம் தெருத்தெருவா லட்டர் குடுக்கறான். எத்தினி பேர் லட்டர முழுங்கினானோ!”

சவுரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ம், கதையச் சொல்லுய்யா. தளபதி இப்ப இன்னா பண்றான்னா...”

சவுரி பகடையைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். மேலே கயிறு சுற்றிக் கட்டினான்.

“இன்னாய்யா, கூட்டாளி போயிட்டான்னு பேஜாராயிடுச்சா? நான் ஒருத்தன் ஆடுனா கதை நடக்காதா?”

“உங்களுக்கும் எடமில்லீங்க சார்.” சவுரியின் குரலில் முதல் முறையாகச் சூடு ஏறியது. “ஆடி மாசம் கோட்டை வாசல்ல செத்தது உங்க தளபதி. விழுந்தது ஒண்ணு. மூடிக்குப் பின்னால எட்டிப் பாத்துட்டு, ‘சம்சாரம் போனதுலேர்ந்து அந்த மனுசனுக்கு ஞாயித்துக்கெழமை போக வேற எடமில்லப்பா, இருபதுன்னு சொல்லு’ன்னு என் காலை மிதிச்சுக் காதுல சொன்னதே கண்ணையன் அண்ணன்தாங்க.”