ஏழு பொட்டு

மூன்றாவது மக் தண்ணீரை ஊற்றுவதற்குள் மகள் அவன் கையைக் கடித்துவிட்டாள்.

இரண்டரை வயது. பல் பல்லாகத் தடம் பதிந்திருந்தது.

பதிலுக்கு அவன் மகளின் தலையை அழுத்திக் குனியவைத்தான். ஷாம்பு நுரை நெற்றி வழியாக இறங்கிக் கண்ணுக்குள் போனது. அவள் போட்ட அலறலில் மாடிவீட்டுக்காரர்கள் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்திருப்பார்கள். கொடுக்கட்டும்.

கண் எரியாது என்று பாட்டிலில் எழுதியிருந்தது. எழுதியவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்காது.

நாளைக் காலை மகளிர் காவல் நிலையத்தில் கவுன்சிலிங். பிள்ளையைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி சுகந்தி மனு கொடுத்திருந்தாள். குழந்தையோடு வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தலையோ பதினெட்டு நாளாகத் தண்ணீர் காணாமல் சிக்கு விழுந்து புளித்த வாடை அடித்தது. யாராவது மடியில் தூக்கி வைத்தால் போதும், அவன் பவிசு அங்கேயே தெரிந்துவிடும்.

பதினெட்டு நாளுக்கு முன் சுகந்தி பெட்டியோடு வாசலில் நின்றபோது, இடுப்பிலிருந்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டான். போவதானால் நீ மட்டும் போ என்றான். எனக்கும் வளர்க்கத் தெரியும் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

பெண்டாட்டியை விட்டாலும் விடுவான், சொன்ன வார்த்தையை விடமாட்டான்.

மறுநாளே பிளேடை எடுத்தான். குளிக்கப் போகும்போதெல்லாம் நெற்றிப் பொட்டை எடுத்துக் குளியலறையில் எங்கேயாவது ஒட்டிவிடுவாள் சுகந்தி. அப்புறம் அதை மறந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு அது ஆகாது. கண்ணாடியில், டைல்ஸில், கதவின் உள்பக்கத்தில் இருந்ததையெல்லாம் சுரண்டித் தள்ளினான். ஒன்றையும் விடவில்லை என்றுதான் நினைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுகந்தி தலைக்கு ஊற்றும்போது அழுகைச் சத்தமே வராது. ஹாலில் கிரிக்கெட் பார்த்தபடி, ஒரு பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற இவ்வளவு நேரமா என்று கத்துவான்.

உள்ளே என்ன செய்கிறாள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது குடை மாதிரி விளிம்பு வைத்த ரப்பர் தொப்பியை மாட்டிவிட்டான். கழற்றி வாளிக்குள் போட்டாள். மஞ்சள் வாத்தைக் காட்டினான். அதுவும் வாளிக்குள் போனது. செல்போனில் பாட்டுப் போட்டான். பாட்டைவிடச் சத்தமாக அழுதாள்.

கடைசியில் அவனே ஓய்ந்துபோய் ஈரத் தரையில் உட்கார்ந்தான்.

கை தளர்ந்ததும் குழந்தை நிமிர்ந்தாள். அழுகை பாதியில் நின்றது. வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

அவனும் பார்த்தான்.

சீலிங்கில் ஏழு பொட்டுகள்.

சுகந்திதான் ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டியிருக்கிறாள். தலை சாயச் சாய ஒவ்வொன்றாகத் தெரியும்படி, முன்னாலிருந்து பின்னால் போயின.

குழந்தை விரல் நீட்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல ஆரம்பித்தாள். பச்சை, மாமா. கடுகளவு கறுப்பு, பாப்பா. சிவப்பு, அம்மா. இப்படியே ஆறு. கடைசியாக, கழுத்தை முழுசாகச் சாய்த்தால் மட்டுமே தெரிகிற பெரிய மெரூன் பொட்டு.

அதுதான் அப்பாவாம்.

அப்பாவைப் பார்ப்பதற்காகத்தான் வாராவாரம் அந்தத் தலை சாய்ந்திருக்கிறது.

அவன் மக்கை எடுத்தான். தண்ணீர் நெற்றியைத் தொடாமல் பின்பக்கமாக வழிந்தது. ஒரு சொட்டும் கண்ணில் படவில்லை. இரண்டே நிமிடம். குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் சுகந்திக்கு ஒரு போன் போடவில்லை.

அந்த ஏழு பொட்டுகளைச் சுரண்டவுமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருக்குமே.

மறுநாள் காவல் நிலையத்தில் கவுன்சிலர் அம்மா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். உச்சந்தலையை மோந்து பார்த்தார். வாசனையாக இருந்தது. எதிர் நாற்காலியில் சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தலைக்கு ஊத்துறது யாரு?" என்று கேட்டார்.

"நாந்தான் மேடம். அழவே மாட்டா," என்றான்.

பொய் சொன்னதாக அவனுக்குத் தோன்றவில்லை.

கவுன்சிலர் அம்மா தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

தலைக்கு ஊற்றுகிற பேச்சு காதில் விழுந்ததும் குழந்தை மடியிலிருந்தபடியே அண்ணாந்தாள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மூலையில் ஒட்டடை. கண்கள் முன்னாலிருந்து பின்னால் போயின. கழுத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். முழுசாகச் சாய்த்தாள்.

சுகந்தியின் கை தானாக நெற்றிக்குப் போனது. பொட்டை எடுத்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு அவளும் மேலே பார்த்தாள். அந்த சீலிங் எட்டுகிற உயரத்தில் இல்லை.

"அப்பாவக் காணோம்மா," என்றது குழந்தை.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

அவன் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.