பாப்பாயி பேரு

பஸ்ஸில் நின்றபடியே வந்த அலுப்போடு ஜோதி செருப்பைக் கழற்றுவதற்குள், மாமியார் பாப்பாயி ஆரம்பித்துவிட்டாள்.

"பேரு முடிவாச்சா?"

"இல்லைங்கத்தை. நாளைக்குள்ள சொல்லணும்."

"என் பேரையே வையி. அப்பனைப் பெத்தவ பேரை வைக்கிறதுதானே நம்ம வழக்கம்?"

"பழைய பேரும்மா, ஊரே சிரிக்கும்" என்றான் கணவன் சிவசங்கர்.

"சிரிக்கட்டும். போட்டோ இருக்கா?"

ஜோதி சலிப்போடு போனை நீட்டினாள். பாப்பாயி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"கொழுகொழுன்னுதான் இருக்கு. காலு எத்தனைடி?"

"பதினாலு. ஆழத்துல வாழற கடல் அட்டையில நீந்துறது, நடக்கறதுன்னு எத்தனையோ வகை அத்தை. இது எங்க ஆராய்ச்சியில கிடைச்ச புது வகை."

பாப்பாயி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்க கல்யாணத்தன்னிக்கே பேத்திக்குன்னு எடுத்து வச்ச பேரும்மா. இதுக்காவது வையேன்."