கரண்ட் போகாத கேபிள்

“பார்க்கப் புது கேபிள் மாதிரியே இருக்கணும் தம்பி. ஆனா உள்ளே கரண்ட் போகக் கூடாது.”

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். கேட்டது யாரோ எவரோ இல்லை, கிளைடர் ஓட்டும் கேப்டனின் மனைவி.

கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். காற்றை நம்பித்தான் பறக்கும். அதில் வழியும் உயரமும் காட்டும் திரைக்குப் புது கேபிள்கள் வேண்டுமென்று கேப்டன் நேற்றுதான் இதே மேஜையில் அவன் உயிரை வாங்கிவிட்டுப் போயிருந்தார். பேட்டரியிலிருந்து வரும் பவர் கேபிள் தடிமனாக இருக்க வேண்டுமாம். டேட்டா கேபிளின் முனை பூட்டிக்கொள்கிற வகையாக இருக்க வேண்டுமாம். எதைக் காட்டினாலும் இழுத்துப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“என் பொண்ணு முதல் தடவையா என்கூடப் பறக்கப் போறா. நடுவானத்துல எதுவும் நின்னுபோகக் கூடாது” என்றார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு மனைவியா! புருஷன் மேல் ஆயிரம் கோபம் இருக்கட்டும், பெற்ற மகளும் அல்லவா அதில் உட்காரப் போகிறாள்?

“கேபிள் விக்கிறதுதாம்மா என் பொழப்பு. ஆளைக் கொல்றது இல்ல.”

திரை எரியாவிட்டால் பறக்கும் கிளப்பில் கிளைடரைத் தரையைவிட்டே கிளம்ப விட மாட்டார்கள், அது போதும் எனக்கு என்று அவள் சொல்ல வந்தாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கிளப்பின் கிளைடர் ஷெட்டில் அவன் செய்த முதல் வேலை, கேப்டனைத் தனியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்ததுதான்.

வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று எதிர்பார்த்தான். அவரோ டூல்ஸ் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நான் பறந்த டேட்டாவை வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கறது அவதான். போன வாரம் திரும்ப வேண்டிய இடத்துல திரும்பாம, கிளைடர் மலைப் பக்கமா நேரா போயிருக்கும். கவனிச்சிருப்பா.”

“பழைய கேபிள் மக்கர் பண்ணியிருக்கும். அதுக்குத்தானே சார் மாத்தறீங்க?”

“கேபிள் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கொஞ்ச நேரம் மயக்கம் போட்டுட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்.”

முந்தாநாள் முழுக்க ஒரு கேபிள் முனையை இழுத்து இழுத்துப் பார்த்தவர் இவர்தானா?

வெளியே கிளைடரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மகள், “அப்பா, ரெடியா?” என்று குரல் கொடுத்தாள்.

கேப்டன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. புது பவர் கேபிளை எடுத்து அவனிடமே நீட்டினார்.

“பறக்க முடியாத பழி என்மேல வராம கேபிள் மேல போகட்டும்னு என் பொண்டாட்டி நினைச்சிருக்கா” என்றார். “அவ கேட்டதையே மாட்டிடுப்பா.”