கொட்டகையில் ஈரம்

"யாரும் இந்த வண்டியில ஏறக்கூடாது. எறங்குங்க."

பிக்கப்பின் பின்பக்கம் பாய் விரித்து உட்கார்ந்திருந்த மாலதி, அப்பன் குரலைக் கேட்டு எழுந்து நின்றாள். புதுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி கோயிலில் இன்றைக்கு அவளுக்குக் காது குத்து.

கொளஞ்சியப்பன் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, தரையில் கிடந்த ஈரத்தைத் தொட்டு மோந்தான். ராவெல்லாம் கடலூர் துறைமுகத்திலிருந்து சிதம்பரத்துக்கு மீன் ஏற்றிவிட்டு, விடிந்ததும் மச்சான் வீட்டுக் கீற்றுக் கொட்டகையில்தான் வண்டியை விடுவான். நாலைந்து நாளாகவே இந்த ஈரம். ஐஸ் தண்ணீர் என்று நினைத்திருந்தான். இப்போது விரலில் வழுவழுத்தது. பிரேக் ஆயில்.

"என்னாங்க, நேரம் போவுது. ராகு காலம் வந்துடப் போவுது" என்றாள் தமிழ்ச்செல்வி.

"எவனோ பிரேக்குல கை வச்சிருக்கான் புள்ள."

எவனோ என்ன எவனோ. சபாபதிதான். அவன் கையிலிருந்த மீன் லோடு இவனுக்கு மாறியதிலிருந்து அவன் முகம் சரியில்லை. போன வாரம் டீக்கடையில், குரலை உயர்த்தாமல் சொன்னான்: "ஓட்டு, ஓட்டு. எவ்வளோ தூரம் ஓட்டுறேன்னு நானும் பாக்குறேன்."

தெருவில் வேனைக் கிளப்பி நிறுத்தியிருந்த மச்சான் செம்பியன் சிரித்துக்கொண்டே வந்தான். "இந்தத் தகரத்துல மீனே ஏற மாட்டன்னுது. இதுல எங்க அக்காவ ஏத்தப் பாத்தியே மாமா. எல்லாரும் வேனுக்கு வாங்க. தாய்மாமன் மடியிலதான காது குத்தப் போறாங்க? நீ பொறுமையா வா."

"நீங்க இல்லாம எப்படிங்க?" தமிழ்ச்செல்வி தயங்கினாள்.

"மெக்கானிக்குக்குப் போன் பண்ணி வரச் சொல்றேன். சரி பண்ணிட்டுப் பின்னாடியே வந்துடறேன். உயிர வச்சி வெளயாட முடியாது, போ."

மகளைத் தானே தூக்கி வேனில் உட்கார வைத்தான். அவள் பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கையாட்டினாள். தெருமுனையில் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே வந்தது. வேனின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மூன்று நான்கு தரம் எரிந்தது. மச்சான் டாட்டா காட்டுகிறான் என்று இவனும் கையை ஆட்டினான்.

அதற்குப் பிறகுதான் அவனுக்குப் போகிற பாதை நினைவுக்கு வந்தது. லால்பேட்டை தாண்டி ஏரிக்கரையை ஒட்டித்தான் போக வேண்டும். இந்த வருஷம் வீராணம் நிறைந்து நிற்கிறது. அந்த இடத்தில் பிக்கப் நிற்காமல் போயிருந்தால்? குலசாமிதான் கண்ணைத் திறந்துவிட்டது.

மொபெட் சத்தம் கேட்டது. சபாபதி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னா கொளஞ்சி, காது குத்துக்குப் போவல?"

"வண்டியில வேல இருக்குது."

"பாத்துப்பா. பழய வண்டி. எங்கனா நடுவழியில கால வாரிடப் போவுது."

கழுவுற மீனில் நழுவுற மீன் மாதிரி சிரித்தபடி போய்விட்டான். கையிலிருந்த ஸ்பேனரைக் கொளஞ்சியப்பன் இறுக்கிப் பிடித்திருந்தான்.

மெக்கானிக் உத்திராபதி வந்ததும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். "மிதி" என்றார். மிதித்தான். "விடு" என்றார். விட்டான். ஒவ்வொரு சக்கரமாகத் துணியால் துடைத்துப் பார்த்தார்.

"என்னாண்ணே, பைப்ப அறுத்துட்டானா?"

அவர் வெளியே வந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இதுல எப்ப ஆயில் ஊத்துன?"

"தீவாளிக்கு."

"ஊத்துனது ஊத்துனபடி இருக்குது. பைப்பு, வீலு எல்லாம் காஞ்சி கெடக்குது. பெடலு கல்லாட்டம் நிக்குது. உன் வண்டிய எவனும் தொடல."

கொளஞ்சியப்பனுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "பாவம், அந்தாளப் போயி சந்தேகப்பட்டுட்டேனே" என்று சிரித்தான். "அப்ப நான் கெளம்புறண்ணே. இப்ப அழுத்துனாக்கூட காது குத்துக்குள்ள போயிடுவேன்."

உத்திராபதி சிரிக்கவில்லை. தரையிலிருந்த ஈரத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

"இங்க வந்து பாரு."

ஈரத்தின் மேல் டயர் அச்சு பதிந்திருந்தது. அந்த அச்சு அப்படியே எண்ணெயை இழுத்துக்கொண்டு, பிக்கப்பின் முன் சக்கரம் வரைக்கும் போயிருந்தது.

"உன் வண்டி இத மிதிச்சிக்கிட்டு உள்ள வந்திருக்குது கொளஞ்சி. நீ வர்றதுக்கு முன்னாடியே இது இங்க ஊத்தியிருக்குது." தலையை நிமிர்த்திக் கேட்டார். "ராத்திரியில இந்த எடத்துல எது நிக்கும்?"

கொளஞ்சியப்பன் கொட்டகைக்கு வெளியே ஓடி வந்தான். சட்டைப் பையில் செல் இருப்பதே நினைவுக்கு வரவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான் வேன்."