பணிவு பழகிய காகம்

காட்டில் உள்நாட்டுச் சண்டை ஓய்ந்ததும் புது அரசு தன் அலுவலகங்களைத் திருத்தப் புறப்பட்டது. காணாமல் போனவர்களைத் தேடி வருவோருக்கு அலுவலக ஜன்னலில் உட்கார்ந்து பதில் சொல்லும் காகத்துக்குப் பணிவாகப் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். சண்டையில் பிடித்துச் செல்லப்பட்ட குட்டியைத் தேடி, வழக்கம்போல் வெள்ளாடு வந்தது.

"வாங்கோ அம்மா, இருங்கோ. தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றது காகம்.

"அடேயப்பா! தண்ணி கிடக்கட்டும். என்ர குட்டி எங்க?"

இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று பயிற்சியிலேயே காகம் கேட்டிருந்தது. 'சிரித்தபடி நாளைக்கு வரச் சொல்' என்றிருந்தார்கள். காகம் "நாளைக்கு வாங்கோ அம்மா" என்று சிரித்தது.

வெள்ளாடு எழுந்தது. "முந்தியெண்டால் நீ கொத்தித் துரத்துவாய். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டு போவன், மனசு கொஞ்சம் ஆறும். இப்ப அதையும் இல்லாமல் பண்ணிப்போட்டாய், ராசா."